களர் நிலத்துக்கு ஜிப்சம் எவ்வளவு?

மண் பரிசோதனை முடிவில் கார அமில நிலை, அதாவது பி.எச்., என்று ஓர் எண் தரப்படும். இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஏக்கருக்கு இத்தனை மூட்டை ஜிப்சம் என்று குத்துமதிப்பாக இடும் பழக்கம் விவசாயிகளிடையே உண்டு. இட்ட ஜிப்சம் போதாமல் போனால் நட்ட பயிர் கருகும், செலவும் வீணாகும்.

எண்ணின் பொருள்

பி.எச். அளவை டென்மார்க் நாட்டு அறிஞர் சோரன்சன் 1909-ல் வகுத்தார். 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். எலுமிச்சைச் சாறு 2 முதல் 2.5 வரையிலும், தயிர் 4.5-ஐ ஒட்டியும், பால் 6.6-ஐ ஒட்டியும் இருக்கும். சுண்ணாம்புத் தெளிநீர் 12-க்கு மேல். ஓர் எண் கூடினால் காரம் பத்து மடங்கு கூடுகிறது. ஆகவே 8-க்கும் 10-க்கும் உள்ள வேறுபாடு நூறு மடங்கு.

பொன்மலைக்குத் தென்மேற்கே மணிகண்டம் வட்டாரத்தில் களர் நிலங்கள் உள்ளன. களர் மண்ணில் இந்த எண் 8.5-க்கு மேல் இருக்கும்.

தாங்கல் தன்மை

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு டம்ளர்களில் மழைத் தண்ணீர் எடுத்து, ஒன்றில் மட்டும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரைக்கவும். இரண்டிலும் பத்துச் சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, பி.எச். தாளை நனைத்துப் பார்க்கவும். வெறும் தண்ணீர் அமிலமாகிவிடும். சோடாத் தண்ணீரின் எண் அநேகமாக நகராது. விட்ட அமிலத்தைச் சோடா ஏற்றுக்கொண்டு விடுவதே காரணம். இதுவே தாங்கல் தன்மை. பரிசோதனைக் கூடங்களில் பி.எச். கருவியைச் சரிபார்க்க 4, 7, 9.2 எண் கொண்ட தாங்கல் கரைசல்களைப் பயன்படுத்துவதும் இதனால்தான்.

களர் மண்ணிலும் இதே கதைதான். மண் கரைசலில் சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் இருக்கின்றன. களித்துகள்களிலோ சோடியம் ஒட்டிக்கொண்டு கையிருப்பாக நிற்கிறது. நல்ல தண்ணீர் கட்டி வடித்தாலும், துகளிலிருந்து சோடியம் விடுபட்டு மறுபடி காரம் உண்டாகும். எண் ஒன்றாகவே இருந்தாலும், மணற்பாங்கான வயலைவிடக் களிமண் வயலில் இந்தக் கையிருப்பு அதிகம். எனவே அதற்கு ஜிப்சமும் அதிகம் தேவைப்படும்.

செய்ய வேண்டியது

மண் மாதிரி கொடுக்கும்போது கார அமில நிலையோடு "ஜிப்சம் தேவை" அளவையும் கேட்டுப் பெற வேண்டும். அந்த அளவில் பாதியை இட்டால் நெல்லுக்குப் போதும். கோடையில் உழுது, ஜிப்சத்தைச் சீராகத் தூவி, தண்ணீர் கட்டி, பின்பு வடிக்க வேண்டும். ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தைத் துகளிலிருந்து வெளியேற்றும். அது சோடியம் சல்பேட்டாக நீரில் கரைந்து போகும். வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் இட்டுப் பயனில்லை.

நடவுக்கு 10 முதல் 15 நாள் முன்பு ஹெக்டேருக்கு 5 டன் தழை உரம் இட்டு மிதிக்கலாம். களர் நிலத்தில் துத்தநாகப் பற்றாக்குறை வருமாதலால் ஹெக்டேருக்கு 37.5 கிலோ துத்தநாக சல்பேட் இட வேண்டும். களரைத் தாங்கும் திருச்சி 1, திருச்சி 3 நெல் ரகங்களைப் பயிரிடலாம். நாவலூர் குட்டப்பட்டில் உள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தை அணுகி விவசாயிகள் ஆலோசனை பெறலாம்.