மணிக்கு அடிபட்டபோது

விடியற்காலை நேரம். மணி குரைத்தது.

திருவனந்தபுரம் மாவட்டம். விதுராவுக்கு அப்பால் மலை அடிவாரம். அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்களை அண்ணன், அண்ணி என்றே சொல்வோம். அண்ணன் ரப்பர் பால் வெட்டுகிறார். அண்ணி கொஞ்சம் மரச்சீனி நட்டிருக்கிறார். இரவில் காட்டுப்பன்றி வரும். கிழங்கைத் தோண்டித் தின்னும். காவலுக்குத்தான் மணியை வளர்க்கிறார்கள்.

மணி கோம்பை நாய். கோம்பை தேனி மாவட்டத்தில் உள்ள ஊர். கோம்பை, இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் நம் நாட்டு வேட்டை நாய்கள். தைரியம் உள்ளவை. பன்றியைக் கண்டால் பின்வாங்காது. அதனால்தான் அடியும் படும்.

அன்று மணியின் குரைப்பு திடீரென்று நின்றது. பிறகு அலறல் கேட்டது. அண்ணன் டார்ச் லைட்டுடன் ஓடினார். பன்றி போய்விட்டது. மணி மண்ணில் கிடந்தது. பன்றியின் கோரைப்பல் அதன் வயிற்றைக் கிழித்திருந்தது. குடல் கொஞ்சம் வெளியே வந்திருந்தது.

அண்ணன் பதறிப்போனார். மணியை அள்ளி எடுக்கக் குனிந்தார். மணி அவர் கையைக் கடித்துவிட்டது.

பிள்ளை போல வளர்த்த நாய். ஏன் கடித்தது? வலிதான் காரணம். வலியில் நாய்க்கு ஆள் தெரியாது.

அக்கம்பக்கத்தார் கூடினார்கள்.

“மஞ்சப்பொடி போடுங்க.”

“காப்பித்தூளை அப்புங்க, ரத்தம் நிக்கும்.”

“குடலை உள்ளே தள்ளி இறுக்கிக் கட்டுங்க.”

தாத்தா தலையை ஆட்டினார். “அந்தக் காலத்துல எத்தனையோ பாத்தாச்சு. இனி பிழைக்காது” என்றார்.

அண்ணி ஓடி வந்தார். “யாரும் காயத்துல கை வைக்காதீங்க. மாமா, கொஞ்சம் விலகுங்க” என்றார்.

போன மாதம் ஊரில் தடுப்பூசி முகாம் நடந்தது. அன்று கால்நடை டாக்டர் சில விஷயங்களைச் சொல்லியிருந்தார். அண்ணிக்கு அவை நினைவில் இருந்தன. டாக்டரின் போன் நம்பரையும் வாங்கி, அடுப்படிச் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தார்.

முதலில் ஒரு துணியால் மணியின் வாயைக் கட்டினார். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் வீட்டில் இருந்தது. அதில் கொஞ்சம் உப்பைக் கரைத்தார். வெள்ளைத் துணியை அதில் நனைத்தார். குடலின் மேல் மெதுவாகப் போர்த்தினார். உள்ளே தள்ளவில்லை. அதன்மேல் ஒரு துண்டைத் தளர்வாகச் சுற்றினார்.

“ஏங்க, நீங்க சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்க. நிறுத்தாமக் கழுவுங்க” என்று கணவரிடம் சொன்னார். பிறகு சுவரைப் பார்த்துப் போன் செய்தார்.

ஒரு சாக்கை விரித்தார்கள். நாலு பேர் நாலு மூலையைப் பிடித்தார்கள். மணியை ஆட்டோவில் ஏற்றினார்கள்.

டாக்டர் காயத்தைக் கழுவித் தையல் போட்டார். “குடலை உள்ளே தள்ளாமல் கொண்டுவந்தீர்கள். அதுதான் மணியைக் காப்பாற்றியது. மண்ணோடு தள்ளியிருந்தால் வயிறு முழுக்கச் சீழ் பிடித்திருக்கும்” என்றார்.

பிறகு அண்ணனின் கையைப் பார்த்தார். “நீங்கள் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்” என்றார்.

மணி பிழைத்தது. அண்ணனும் ஊசி போட்டுக்கொண்டார். அண்ணி செய்தவற்றை நாமும் செய்ய முடியும். அதைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம்.

முதலுதவி என்றால் என்ன?

முதலுதவி வைத்தியம் அல்ல. டாக்டரிடம் போய்ச் சேரும் வரை உயிரைக் காப்பது முதலுதவி. செய்ய வேண்டியது கொஞ்சம்தான். செய்யக் கூடாததுதான் அதிகம்.

முதலில் வாயைக் கட்டுங்கள்

இரண்டு முழம் நீளமுள்ள துணி போதும். துணியில் ஒரு வளையம் போடுங்கள். நாயின் பக்கவாட்டில் நில்லுங்கள். வளையத்தை மூக்கின் மேல் மாட்டி இழுங்கள். இரண்டு முனையையும் தாடைக்குக் கீழே கொண்டுவந்து முடிச்சுப் போடுங்கள். பிறகு காதுக்குப் பின்னால், பிடரியில் கட்டுங்கள்.

மூச்சு விடத் திணறும் நாய்க்கு வாயைக் கட்டாதீர்கள். வாந்தி எடுக்கும் நாய்க்கும் கட்டாதீர்கள். வெயிலில் இளைக்கும் நாய்க்கும் கட்டாதீர்கள். கட்டினால் உயிர் போகும்.

ஈறைப் பாருங்கள்

உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். நல்ல நாயின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுக்கும். இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு வெளுத்தே இருந்தால் ரத்தம் அதிகம் போய்விட்டது என்று பொருள். வெளியே ரத்தம் தெரியாவிட்டாலும் உள்ளே கசியலாம். உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

ரத்தம் வந்தால்

சுத்தமான துணியைக் காயத்தில் வைத்து அழுத்துங்கள். 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். எடுத்தால் உறைந்த ரத்தம் பிய்ந்துவிடும். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொரு துணியை வையுங்கள்.

காப்பித்தூள், சுண்ணாம்பு, சாம்பல், மண்ணெண்ணெய் எதையும் போடாதீர்கள். இவை காயத்தைப் புண்ணாக்கும். டாக்டர் அதைச் சுரண்டி எடுத்த பிறகே தையல் போட முடியும்.

பன்றி குத்தினால்

பன்றி குத்திய காயம் வெளியே சின்ன ஓட்டையாகத் தெரியும். உள்ளே தோலும் சதையும் நீளமாகக் கிழிந்திருக்கும். “சின்னக் காயம்தானே” என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று நாளில் சீழ் பிடிக்கும்.

குடல் வெளியே வந்தால் அண்ணி செய்தது போலச் செய்யுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரை டீஸ்பூன் உப்புப் போதும். துணி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சில் ஓட்டை விழுந்து காற்று உள்ளே போனால், சுத்தமான பிளாஸ்டிக் தாளால் அதை மூடுங்கள். மேலே துணியைச் சுற்றுங்கள். மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்க வேண்டாம்.

பெரிய காயம் பட்ட நாய்க்குச் சோறு, பால் கொடுக்காதீர்கள். டாக்டர் மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். அப்போது வாந்தி வந்தால் ஆபத்து. நாம் சாப்பிடும் வலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். அவை நாய்க்கு விஷம் ஆகலாம்.

எலும்பு முறிந்தால் இழுத்து நேராக்காதீர்கள். பலகையிலோ சாக்கிலோ கிடத்தித் தூக்கிச் செல்லுங்கள்.

பாம்பு கடித்தால்

நாய் பாம்பை மோந்து பார்க்கும். அதனால் பெரும்பாலும் முகத்திலோ முன்காலிலோ கடிபடும். விரியன் கடித்தால் வீங்கும், ரத்தம் கசியும். நல்லபாம்பு, கட்டுவிரியன் கடித்தால் கால் தள்ளாடும், மூச்சு அடைக்கும்.

இறுக்கிக் கட்டாதீர்கள். கீறாதீர்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். கழுத்துப்பட்டையைக் கழற்றுங்கள். வீக்கம் வந்தால் பட்டை கழுத்தை நெரிக்கும். நாயை நடக்க விடாதீர்கள். நடந்தால் விஷம் வேகமாகப் பரவும். தூக்கிக்கொண்டு போங்கள். கடித்த நேரத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாம்பைப் பிடிக்கப் போகாதீர்கள்.

மனிதருக்குப் போடும் விஷமுறிவு மருந்தையே நாய்க்கும் போடுகிறார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நாலு பாம்புகளின் விஷத்துக்கும் அது ஒரே மருந்து. பாம்பின் விஷத்தைக் கொண்டுதான் அந்த மருந்தைச் செய்கிறார்கள். விஷம் எடுத்துத் தருவதற்காகச் சென்னை அருகே இருளர் மக்களின் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கியது. விஷமுறிவு மருந்தை டாக்டர்தான் போட வேண்டும். பச்சிலை விஷத்தை முறிக்காது.

வெயில் தாக்கினால்

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு அப்படி இல்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் அது சூட்டைத் தணிக்கும். திருவனந்தபுரம் பக்கம் காற்றில் ஈரம் அதிகம். ஈரக் காற்றில் இளைத்தாலும் சூடு சீக்கிரம் குறையாது. அதனால் வெயில் கொஞ்சமாக இருந்தாலும் ஓடிக் களைத்த நாய் சுருண்டு விழலாம்.

நாயின் உடம்புச் சூடு பொதுவாக 101 முதல் 102.5 டிகிரி வரை இருக்கும். நமக்கு இருந்தால் அது காய்ச்சல். நாய்க்கு அது இயல்பு. 105-க்கு மேல் போனால் ஆபத்து.

நாயை நிழலுக்குக் கொண்டுபோங்கள். உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றுங்கள். விசிறுங்கள். ஈரச் சாக்கால் மூடி வைக்காதீர்கள். மூடினால் சூடு உள்ளேயே நிற்கும். நாய்க்கு நினைவு இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். வாயில் ஊற்றாதீர்கள். முதலில் குளிரவையுங்கள். பிறகு டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

வெறிநோய்: நம் உயிரும் இதில் இருக்கிறது

காட்டோரம் அலையும் நாயை நரி கடிக்கலாம். கீரி கடிக்கலாம். தெருநாய் கடிக்கலாம். அவற்றுக்கு வெறிநோய் இருந்தால் நம் நாய்க்கும் வரும். நம் நாயிடமிருந்து நமக்கும் வரும். நோயின் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் வராமல் தடுக்க முடியும்.

1885-இல் பிரான்ஸ் நாட்டில் லூயி பாஸ்டர் என்ற அறிஞர் இந்த நோய்க்குத் தடுப்பு மருந்து கண்டார். வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவனுக்கு அதைப் போட்டார். சிறுவன் பிழைத்தான். நீலகிரியில் குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது.

நாய்க்குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் தடுப்பூசி போடுங்கள். பிறகு டாக்டர் சொன்னபடி ஆண்டுதோறும் போடுங்கள். அட்டையில் தேதியை எழுதச் சொல்லுங்கள். அடுத்த தேதியை நீங்களே படித்துப் பாருங்கள்.

நம் நாயை வேறு விலங்கு கடித்தால், வெறும் கையால் தொடாதீர்கள். கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொள்ளுங்கள். சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவுங்கள். தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

நம்மை நாய் கடித்தாலும், கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கட்டுப் போடக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். “நம்ம நாய்தானே” என்று இருந்துவிடக் கூடாது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலம் போய்விட்டது. இப்போது அரசு ஆஸ்பத்திரியில் கையில்தான் ஊசி. ஊசி தொடங்கும் நாளிலும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாளிலும் போடுவார்கள். ஒரு நாளையும் தவறவிடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

தாத்தா காலத்தில் நாயோடு வேட்டைக்குப் போனார்கள். இப்போது அது குற்றம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரத்தை 2022-இல் கேரள அரசு ஊராட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. அனுமதி பெற்ற பிறகு, உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர்தான் சுட வேண்டும். விஷம், வெடி, மின்கம்பி வைக்கக் கூடாது. பேப்பாறை, நெய்யாறு சரணாலயங்களுக்குள் நாயை விடாதீர்கள். நாயைக் காவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பன்றியோடு சண்டைக்கு ஏவிவிடாதீர்கள்.

நினைவில் வைப்போம்

1. முதலில் வாயைக் கட்டு. மூச்சுத் திணறினால் கட்டாதே.
2. ரத்தம் வந்தால் அழுத்து. பொடி போடாதே.
3. குடல் வந்தால் உள்ளே தள்ளாதே. ஈரத் துணியால் மூடு.
4. பாம்பு கடித்தால் நடக்க விடாதே. தூக்கிச் செல்.
5. வெயில் தாக்கினால் முதலில் தண்ணீர் ஊற்று.
6. நாய் கடித்தால் சோப்பு, 15 நிமிடம், பிறகு ஊசி.

பேசிப் பார்ப்போம்

1. மணி ஏன் அண்ணனைக் கடித்தது?
2. பக்கத்து வீட்டார் சொன்ன யோசனைகளில் தவறு என்ன?
3. உங்கள் ஊரில் நாய்க்கு அடிபட்டால் என்ன செய்கிறார்கள்? அதில் எது சரி? எது தவறு?

எழுதுவோம்

கேரளத்தில் மாட்டாஸ்பத்திரியை மிருகாசுபத்திரி என்பார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள மிருகாசுபத்திரிக்குப் போய் அதன் போன் நம்பரைக் கேளுங்கள். கால்நடை அவசர உதவிக்கு 1962 என்ற நம்பரும் உண்டு. இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அண்ணி செய்தது போல வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள்.

மிருகாசுபத்திரி: ______________

அவசர உதவி: 1962

நம் நாய்க்குத் தடுப்பூசி போட்ட தேதி: ______________

அடுத்த ஊசி தேதி: ______________