மக்களை வளர்க்கும் நெறி

விழா மலருக்கு எழுதப் புகும் பழைய மாணவர், தம்மை வளர்த்த கல்லூரியையும் ஆசிரியரையும் நினைவுகூர்தல் மரபு. யாம் அம்மரபினின்றுஞ் சிறிது விலகி, நம்மால் வளர்க்கப்படும் மக்களைப் பற்றிச் சில கூற விழைகின்றோம். நேற்று மாணவராயிருந்த நாம் இன்று தந்தையரும் பாட்டன்மாரும் ஆயினோம். எத்தனையோ பாடங்களைக் கேட்டு வளர்ந்த நமக்குப் பிள்ளை வளர்க்கும் பாடத்தை மாத்திரம் எவருங் கற்பித்திலர்.

முன்னாளில் அப்பாடம் தனியே வேண்டப்பட்டதுமில்லை. ஒரே வளவினுள் அம்மம்மாவும் மாமனும் பெரியதாயும் வாழ்ந்தனர். தந்தை கண்டித்தால் அணைத்துக்கொள்ள அப்பாச்சி இருந்தார். தாய்க்கு ஓய்வில்லாதபோது சோறூட்ட மாமி இருந்தார். ஒருவருடைய கடுமையை மற்றொருவருடைய கனிவு ஈடுசெய்தது. இற்றைக் குடும்பமோ பெரும்பாலும் தாய், தந்தை, ஒன்றிரண்டு பிள்ளைகள் என்னும் அளவிற் சுருங்கிவிட்டது. உறவினர் இலண்டனிலும் தொறன்ரோவிலும் இருந்து கைத்தொலைபேசியில் முகங்காட்டுகின்றனர். பலர் பகிர்ந்து செய்த பணி முழுவதும் இருவர் தலைமேல் வந்துவிட்டமையாற்றான், எவ்வாறு வளர்ப்பது என்னும் வினா இன்று வலிமை பெறுகின்றது.

இவ்வினாவிற்கு மேனாட்டறிஞர் கூறிய விடைகளும் ஒருதன்மையன அல்ல. 1928ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூலாராகிய ஜோன் உவாற்சன், பிள்ளைகளை முத்தமிடுதலும் மடியில் வைத்துக் கொஞ்சுதலும் அவர்களைக் கெடுக்கும் என எழுதினார். பதினெட்டு ஆண்டுகளின் பின்னர், 1946இல், அந்நாட்டு மருத்துவராகிய பெஞ்சமின் ஸ்பொக், பெற்றோர் தம் இயல்பான அன்பையும் அறிவையும் நம்பலாம் எனத் தேற்றினார். முன்னவரை நம்பி அணைக்காது விட்ட தாய்மாரின் நிலை யாதாகும்? நூலொன்றைக் கண்டவுடன் அதற்கு அடிமையாகாதிருத்தல் நன்று என்பதற்கு இதுவே சான்று.

1960களில் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டயானா போம்றிண்ட் என்னும் அம்மையார், பாலர் பள்ளிப் பிள்ளைகளையும் அவர்தம் பெற்றோரையும் ஆராய்ந்து, வளர்ப்பு முறையை மூவகைப்படுத்தினார். முதலாவது ஆணை முறை: பெற்றோர் சொல்வர், பிள்ளை பணியும், காரணம் கூறப்படாது. இரண்டாவது இளக்க முறை: அன்பு மிகுதியாக உண்டு, வரம்பு இல்லை. மூன்றாவது நெறிப்படுத்தும் முறை: வரம்பும் உண்டு, அவ்வரம்பிற்குக் காரணமும் கூறப்படும், பிள்ளையின் மறுமொழிக்குச் செவியும் கொடுக்கப்படும். இம்மூன்றாம் முறையில் வளர்ந்த பிள்ளைகளே தன்னம்பிக்கையும் தன்னடக்கமும் மிக்கவராய்க் காணப்பட்டனர். 1983இல் மக்கோபி, மார்ட்டின் என்போர், வரம்பும் அன்பும் ஒருங்கே இல்லாத புறக்கணிப்பையும் நான்காவதாகச் சேர்த்தனர்.

நம்மவருள் மிகுதியாகக் காணப்படுவது ஆணை முறை என்பதை மறுத்தற்கில்லை. இதனை நூலினின்றன்றி எம் இல்லத்திலேயே யாம் உணர்ந்தோம். எம் மகன் பத்து வயதினனாயிருந்தபோது, கணிதத்தில் 38 புள்ளி பெற்ற தேர்ச்சி அறிக்கையை அரிசிப் பெட்டியின் கீழ் ஒளித்துவைத்தான். அது வெளிப்பட்டபொழுது எம் கை பூவரசந்தடியை நாடியது. விறாந்தையில் இருந்த எம் தாயார், யாமும் அவ்வயதில் அவ்வாறே ஓர் அறிக்கையைக் கூரையிற் செருகி வைத்ததையும், எம் தந்தையார் கண்டு அடித்ததையும் நினைவூட்டி, “அதுக்குப் பிறகு நீ அவருக்கு ஒண்டுஞ் சொல்லேல்லையே, தம்பி” என்றார். உண்மையே. அவர் மறையும்வரை எம் துன்பம் ஒன்றேனும் அவர் செவிக்கு எட்டியதில்லை.

தடியைக் கீழே வைத்து மகனோடு அமர்ந்தோம். பின்னக் கணக்கு விளங்காமல் இரு மாதங்களாக அவன் வகுப்பில் இருந்தமையும், வினவ அஞ்சியமையும் அப்பொழுதே தெரியவந்தன. ஒளித்தமைக்குத் தண்டனையாக ஒரு கிழமை விளையாட்டை நிறுத்தினோம். அக்கிழமை முழுதும் மாலைதோறும் பின்னக் கணக்கைக் கற்பித்தோம். அடிக்கு அஞ்சிய பிள்ளை தவற்றை விடுவதினும் அதனை மறைக்கவே விரைந்து கற்கின்றது. இன்று புள்ளியை மறைப்பவன் நாளை தீய நட்பையும் கடனையும் மறைப்பான்.

ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை இவ்வச்சத்தைப் பெருக்குகின்றது. வறிய பிள்ளைகளுக்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையும் கிட்டுதற்கு அது வழியாயிற்று. அதன் பயனை நுகர்ந்தோர் நம்முள்ளும் உளர். ஆயின் வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்தமைக்காகப் பத்து வயதுப் பாலகனோடு பேசாதிருக்கும் பெற்றோர், அப்பரீட்சையின் நோக்கத்தை அறிந்திலர்.

கண்டிப்பே தீது என்பது எமது கருத்தன்று. 1994இல் றூத் சாவோ என்னும் ஆய்வாளர், சீனக் குடும்பத்தாரின் கண்டிப்பை வெறும் அதிகாரமாகக் கொள்ளலாகாதென்றும், அது பிள்ளையின்மேற் கொண்ட அக்கறையினின்று எழும் பயிற்சியே என்றும் எடுத்துக்காட்டினார். நம் கண்டிப்பிற்கும் இது பொருந்தும். ஆயினும் கண்டிப்பு வேறு, அடி வேறு. சுவீடன் 1979இலும் நோர்வே 1987இலும் வீட்டிற் பிள்ளையை அடித்தலைச் சட்டத்தால் விலக்கின. நோர்வேயிற் குடியேறிய நம்மவர் தடியின்றியே தம் மக்களை வளர்த்து வருகின்றனர். அடியாத மாடு படியாது என்பர். மாடு படிந்தாற் போதும், பிள்ளையோ நம் கண் மறைந்தபோதும் நன்னெறியில் நடத்தல் வேண்டும்.

திருக்குறளில் மக்கட்பேறு ஏழாம் அதிகாரம். அதிலே தந்தையின் கடமையைக் கூறுமுன்னர், சிறுகை அளைந்த உணவின் இனிமையையும் மழலையின் இன்பத்தையும் வள்ளுவர் வைத்தார். அன்பு முன்னும் பயிற்சி பின்னுமாக நிற்கும் அவ்வரிசை நம் சிந்தனைக்குரியது.

ஆதலின், நம்முள் ஒவ்வொருவரும் இன்றிரவு தம்மைத்தாமே ஒன்று வினவுவோமாக: நம் பிள்ளை தவறிழைத்தால், அதனை முதலில் நம்மிடங் கூறத் துணியுமா? ஆம் எனின், நாம் எம்முறையைக் கைக்கொண்டாலும் குறைவில்லை. இல்லை எனின், திருந்த வேண்டியவர் முதற்கண் நாமே.