கைத்தொழிலை நம்பிக் கனடா செல்லுமுன்

இடம்பெயர்ந்த காலத்தில் மண்வெட்டியை வைத்துவிட்டு மேசன் கரண்டியைப் பிடித்தவர்கள் எம்மிடையே பலர். சாந்து குழைக்கக் கூலிக்குப் போனவர் கல் கட்டப் பழகினார். தோட்டத்து வாட்டர் பம்பைத் தானே கழற்றிப் பூட்டியவர் நாளடைவில் ஊருக்கே மெக்கானிக் ஆனார். இப்படிப் பழகிய தொழிலை வைத்து வெளிநாட்டில் குடியேறலாமா என்ற கேள்வி, பெரும்பாலும் காணி உறுதியை ஈடு வைக்க எடுத்த பிறகுதான் எம்மிடம் வருகிறது. அதற்கு முன்னரே அது கேட்கப்பட வேண்டும் என்பதற்காக இப்பாடத்தை எழுதுகிறோம். மத்திய கிழக்குக்கு ஒப்பந்தத்தில் போய் வருவது வேறு, குடும்பத்தோடு குடியேறுவது வேறு. இங்கே இரண்டாவதை, அதிலும் எம்மவர் அதிகம் விசாரிக்கும் கனடாவை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

கனடா 2013 ஜனவரியில் கைத்தொழிலாளருக்கென ஒரு தனித் திட்டத்தைத் தொடங்கியது. கியூபெக் மாகாணம் இதில் சேராது. இத்திட்டத்தில் பள்ளிப் படிப்புக்குக் குறைந்தபட்ச எல்லை வகுக்கப்படவில்லை. இடப்பெயர்வால் சாதாரண தரப் பரீட்சையே எழுதாமல் விட்டவருக்கும் வாசல் அடைக்கப்படவில்லை என்பதே இதன் பொருள். தச்சர், மேசன், ஒட்டுவேலை செய்பவர், மின்னிணைப்பு வேலை செய்பவர், குழாய் பொருத்துபவர், கனரக இயந்திரம் திருத்துபவர் ஆகியோரோடு சமையற்காரரும் வெதுப்பகத் தொழிலாளரும் பட்டியலில் உள்ளனர். நாற்று நடுவதும் களை பிடுங்குவதும் அதில் இல்லை. முப்பது வருடம் நெல் விளைவித்த அனுபவம் அங்கே கணக்கில் வராது, மூன்று வருடம் கூலிக்குக் கல் கட்டிய அனுபவம் வரும். எமக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் விதி அதுதான்.

அனுபவத்தை அவர்கள் மணித்தியாலத்தில் அளக்கிறார்கள். விண்ணப்பத்துக்கு முந்திய 5 வருடங்களுக்குள் 3,120 மணித்தியாலம் சம்பளத்துக்கு வேலை செய்திருக்க வேண்டும். வாரத்துக்கு 30 மணித்தியாலமாக இரண்டு வருடம் என்பதே இக்கணக்கு. ஒரு வாரத்தில் 30க்கு மேல் எவ்வளவு உழைத்தாலும் மேலதிகமானது சேராது. குழுவாக வாசிப்போர் இவ்விடத்தில் நிறுத்தி ஓர் உதாரணத்தைப் போட்டுப் பாருங்கள். ஒருவர் மாரியில் வயல் செய்கிறார். கோடையில் 26 வாரம், வாரம் 60 மணித்தியாலம் மேசன் வேலை செய்கிறார். அவருக்கு வருடத்துக்கு 1,560 அல்ல, 26 பெருக்கல் 30, அதாவது 780 மணித்தியாலமே கிடைக்கும். கடைசி ஐந்து வருடத்தில் நான்கு வருடம் இப்படிச் செய்திருந்தால் சரியாக 3,120 வரும். ஒரு கோடை தவறினால் கூடப் போதாது. சிரமதானமும், தன் சொந்த வீட்டைக் கட்டிய நாட்களும் இதில் சேரமாட்டா. அவற்றுக்குச் சம்பளம் இல்லையே.

கணக்குச் சரியானாலும் அதை நிரூபிக்க வேண்டும். எம்மவர் விழுவது இங்கேதான். வேலை தந்தவர் கடிதம் தரவேண்டும். அதில் என்ன வேலை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாரம் எத்தனை மணித்தியாலம், என்ன சம்பளம், என்னென்ன கடமைகள் என்பன இருக்க வேண்டும். "நல்ல பையன், நன்றாக வேலை செய்வான்" என்று மட்டும் எழுதிய கடிதம் உதவாது. கையில் காசு வாங்கிக்கொண்டு பாசிடம் வேலை செய்பவர்கள் இன்றே ஒரு கொப்பியில் நாளையும் இடத்தையும் கூலியையும் எழுதி, அவரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்வது நல்லது. அது மட்டும் போதுமான சான்று ஆகாது. ஆனால் பின்னர் கடிதம் எழுதும்போது பாசுக்கும் ஞாபகம் வரும்.

அடுத்தது மொழி. ஐ.ஈ.எல்.ரி.எஸ். பொதுப் பயிற்சிப் பரீட்சையில் பேசுதலுக்கும் கேட்டலுக்கும் 5.0, எழுதுதலுக்கு 4.0, வாசித்தலுக்கு 3.5 வேண்டும். ஒரு வருடம் விடாமல் படிப்பவர் எட்டக்கூடிய அளவு இது என்பது எமது கருத்து. பெறுபேறு இரண்டு வருடத்துக்கே செல்லும். ஆகவே மற்றக் காகிதங்கள் ஆயத்தமாகாமல் பரீட்சைக்குக் காசு கட்டாதீர்கள்.

இவற்றுக்கும் மேலாக இரண்டில் ஒன்று தேவை. ஒன்று, கனடாவின் ஒரு மாகாணம் வழங்கிய தொழில் தகுதிச் சான்றிதழ். அதற்குப் பொதுவாக அங்கு போய்ப் பரீட்சை எழுதவேண்டியிருக்கும். மற்றது, குறைந்தது ஒரு வருட முழுநேர வேலைக்கான எழுத்துமூல அழைப்பு. ஏமாற்றுக்காரர் நுழைவது இந்த இரண்டாவது வழியால்தான். "வேலைக் கடிதம் எடுத்துத் தருகிறோம், இவ்வளவு லட்சம்" என்று ஒருவர் வீட்டுக்கு வந்தால், அவர் விற்பது வெறும் காகிதமாக இருக்கலாம். பொய்க் கடிதம் பிடிபட்டால் தண்டனை முகவருக்கல்ல, விண்ணப்பித்தவருக்கே. ஐந்து வருடம் கனடா செல்ல முடியாது. காசு வாங்கிக் குடிவரவு ஆலோசனை சொல்ல அந்நாட்டுச் சட்டத்தரணிகளுக்கும், 2021 நவம்பரில் இயங்கத் தொடங்கிய குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் அனுமதி பெற்றவர்களுக்குமே உரிமையுண்டு. அவர்களின் பெயர்ப் பட்டியலை எவரும் இணையத்தில் பார்க்கலாம். இலங்கையில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவரோ, 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். இலக்கத்தைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

தகுதி இருந்தாலும் அழைப்பு நிச்சயமில்லை. 2015 முதல் விண்ணப்பதாரர் 1,200க்குப் புள்ளியிட்டு வரிசைப்படுத்தப்பட்டனர். வயது, படிப்பு, மொழி எல்லாவற்றுக்கும் அதில் புள்ளியுண்டு. 2023 ஆகஸ்டில் கைத்தொழிலாளரைத் தனியே அழைத்தபோது கடைசியாக அழைக்கப்பட்டவருக்கு 388 புள்ளி இருந்தது. குறைந்தபட்ச மொழிப் பெறுபேற்றோடு, பள்ளிச் சான்றும் இல்லாத நாற்பது வயதுக்காரர் அந்த அளவைத் தொடுவது கடினம். முகவர் இதைச் சொல்லமாட்டார். அங்கு வேலை செய்ய அனுமதியும் வேலை அழைப்பும் ஏற்கெனவே இல்லாதவர், குடும்பம் ஆரம்பத்தில் சீவிக்கப் போதிய பணத்தையும் வங்கியில் காட்டவேண்டும். பிறரிடம் கடன் வாங்கிக் காட்டிய பணம் ஏற்கப்படாது. விதிகளும் தொகைகளும் திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் நாளில் கனேடிய அரசின் தளத்தையே பார்க்க வேண்டும்.

காணியைத் தொடாமல் இப்போதே செய்யக்கூடிய ஒன்றுண்டு. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை, வகுப்புக்குப் போகாமல் வேலைத்தளத்தில் தொழில் பழகியவர்களையும் சோதித்து, என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெற வழிசெய்கிறது. ஏழு மட்டங்களில் 4ஆம் மட்டம் முழுத் தேர்ச்சி பெற்ற தொழிலாளருக்குரியது. கனடாவில் இது அவர்களுடைய சான்றிதழுக்கு ஈடாகாது. ஆயினும் அனுபவத்துக்கு ஒரு சாட்சியாகும். கனடா சரிவராவிட்டால் உள்ளூர் ஒப்பந்த வேலைக்கும் கத்தார், துபாய் வேலைக்கும் பயன்படும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் கடந்த ஐந்து வருடத்தில் சம்பளத்துக்குச் செய்த வேலைகளை மாதவாரியாக எழுதிக் கொண்டுவாருங்கள். கடிதம் தரக்கூடியவரின் பெயரை ஒவ்வொரு வேலைக்கும் எதிரே குறியுங்கள். பெயர் எழுத முடியாத வரிகளை எப்படி நிரப்புவது என்று சேர்ந்து பார்ப்போம்.