ஃபார்வர்டுதானே, அதில் என்ன?

நெமிலிச்சேரியில் மின்தடை அறிவிப்பு முதல் காலியான வாடகை வீடு வரை எல்லாச் சேதியும் இப்போது வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. அதே குரூப்பில் கட்சிக்காரர் மீம் போடுகிறார், மனை விற்பவர் ரீல்ஸ் போடுகிறார், யாரோ ஒருவர் 'உடனே எல்லோருக்கும் பகிரவும்' என்று ஒரு வீடியோவைத் தட்டிவிடுகிறார். மேடைப் பேச்சும் விளம்பரத் தட்டியும் டீக்கடை வம்பும் ஒரே திரைக்குள் வந்துவிட்டன. கூடவே சட்டமும் வந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. கவனித்தவர்களில் சிலரோ பயப்பட வேண்டாததற்கெல்லாம் பயப்படுகிறார்கள்.

நம்பிக்கை: "எழுதியது நானில்லை. ஃபார்வர்டு மட்டும்தான் பண்ணினேன்."

இந்த வாதம் நீதிமன்றத்தில் எடுபடாது என்பதற்கு நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான எஸ்.வி.சேகர் மீதான வழக்கே சான்று. 2018 ஏப்ரலில், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தி வேறொருவர் எழுதிய பதிவை அவர் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் பகிர்ந்தார். பிறகு நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். படிக்காமலே பகிர்ந்துவிட்டதாகச் சொன்னார். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் படிக்க முடியவில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை வாதம் போனது. எதுவும் நிற்கவில்லை. ஒன்றை ஃபார்வர்டு செய்வது அதை ஏற்று வழிமொழிவதற்குச் சமம் என்று முன்ஜாமீனை மறுத்தபோதே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023 ஜூலையில் வழக்கை ரத்து செய்ய மறுத்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், அனுப்பிய செய்தியை வில்லிலிருந்து புறப்பட்டுவிட்ட அம்புக்கு ஒப்பிட்டார். 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

சிறைத் தண்டனையைவிடப் பெரிய விலையும் கொடுக்கப்பட்டிருக்கிறது, நெமிலிச்சேரி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில். 2018 மே மாதம் 'பிள்ளை பிடிக்கும் வடநாட்டுக் கும்பல்' பற்றிய வாட்ஸ்அப் வதந்திகள் வட மாவட்டங்களெங்கும் சுற்றின. பழவேற்காட்டில் ஓர் ஆணைப் பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகித்து அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த சென்னை மூதாட்டி ஒருவரும் அதே வெறிக்குப் பலியானார். அந்த ஆண்டு இந்தியா முழுவதும் இப்படி உயிர்கள் போன பிறகே, ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இங்கே ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குரூப்புகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தியது. பலமுறை கைமாறிய செய்தி இன்று இரட்டை அம்புக்குறியோடு வருகிறது. அந்தக் குறியைக் கண்டால் நம்பிக்கை குறைய வேண்டும். நடப்பது நேர்மாறாக இருக்கிறது: இத்தனை பேர் அனுப்பியிருக்கிறார்களே, உண்மையாகத்தான் இருக்கும் என்கிறார்கள்.

நம்பிக்கை: "குரூப்பில் யார் எதைப் போட்டாலும் அட்மினைத்தான் பிடிப்பார்கள்."

இல்லை. கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் வந்த பதிவுக்காக அதன் அட்மின் மீதும் வழக்குப் போட்டிருந்தார்கள். அவர் வெறும் அட்மினாக மட்டும் இருந்தார் என்றால் அவர் பெயரை நீக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. கூட்டாகத் திட்டமிட்டிருந்தால் கதை வேறு. பம்பாய், கேரள உயர் நீதிமன்றங்களின் பார்வையும் இதுதான்.

நம்பிக்கை: "ஆளுங்கட்சியைப் பற்றி எழுதினால் உள்ளே போக வேண்டியதுதான்."

இந்தப் பயம் சும்மா வரவில்லை. 2012 அக்டோபரில், அன்றைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதிய புதுச்சேரி சிறுதொழில் முனைவோர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 16 பேர். அதற்குப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்துவிட்டது. செத்த பிரிவில் அதன் பிறகும் போலீஸ் வழக்குப் போட்டுவந்ததால், 2022இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவு போட வேண்டியிருந்தது. மகளோடும் மருமகனோடும் மலைக்குப் போன படத்தைப் போட்டு, 'துப்பாக்கிப் பயிற்சிக்குச் சிறுமலைப் பயணம்' என்று வேடிக்கையாக எழுதியவர் மீது வாடிப்பட்டி போலீஸ் போட்ட வழக்கையும் மதுரைக் கிளை தூக்கியெறிந்தது. விமர்சனமும் கேலியும் குற்றமல்ல. வெறுப்பைத் தூண்டுவதும் இழிவுபடுத்துவதும்தான் குற்றம்.

நம்பிக்கை: "வீடியோவே இருக்கிறதே, அப்புறம் என்ன?"

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக வீடியோக்கள் பரவி பீகார் சட்டமன்றம் வரை கொந்தளித்தது. வீடியோக்களில் அடிதடி உண்மையாகவே இருந்தது. ஒன்று வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவரின் சண்டை என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கினார். மேலே ஒட்டிய வாசகம் மட்டுமே பொய். அதற்கு எந்த ஏஐயும் தேவைப்படவில்லை.

ஏஐ வந்தபின் குரலும் முகமும்கூட ஆதாரமில்லை. 2024 ஜனவரியில் டி.ஆர்.பாலு புத்தக வெளியீட்டில் மறைந்த கருணாநிதி திரையில் பேசினார்; பிப்ரவரியில் ஜெயலலிதா குரலில் அ.தி.மு.க. ஆடியோ வெளியிட்டது. இவற்றைக் கட்சிகள் வெளிப்படையாகச் செய்தன. மறைத்துச் செய்யும் போலிகளுக்காகத்தான், தெரியவந்த மூன்று மணி நேரத்தில் கட்சிகள் நீக்க வேண்டும் என்று 2024 மே மாதம் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் இரவில் மூன்று மணி நேரம் மிக நீண்டது.

நம்பிக்கை: "யூடியூபில் வந்து சொல்கிறார், மனை அப்ரூவ்டாகத்தான் இருக்கும்."

வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலையும் (ஓ.ஆர்.ஆர்.) அரக்கோணம் மார்க்க ரயிலும் இருக்கும் நெமிலிச்சேரியில் அதிகம் பேர் ஏமாறக்கூடிய இடம் இதுதான். 'ஓ.ஆர்.ஆரிலிருந்து அஞ்சே நிமிஷம்' என்று மனைக்கு நடுவில் நின்று உற்சாகமாகப் பேசுபவர் பணம் வாங்கியிருந்தால், அது விளம்பரம் என்று அவர் சொல்லியாக வேண்டும். இலவசப் பரிசும் பயணமும்கூட இதில் சேர்த்தி என்கிறது 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் உண்டு.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் (ரெரா) இன்னும் கறார். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரெரா பதிவு இல்லாமல் விளம்பரம் செய்யவே கூடாது. பதிவு எண் விளம்பரத்தில் இருக்க வேண்டும். நோட்டீஸானாலும் ரீல்ஸானாலும் சட்டத்தின் பார்வையில் விளம்பரம்தான். அந்த எண்ணைத் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் சரிபார்த்து, வில்லங்கச் சான்றும் போட்டுப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம். கொடுத்த பிறகு விளம்பரம் பொய்யென்று தெரிந்து நஷ்டப்பட்டால், போட்ட பணத்தை வட்டியோடும் இழப்பீட்டோடும் திருப்பிக் கேட்க அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு வழிவைத்திருக்கிறது. அதற்கு அந்த விளம்பரமே சாட்சி. நீக்குவதற்கு ஒரு நொடி போதும் என்பதால், வீடியோவையும் அதன் தேதியையும் முன்கூட்டியே சேமித்துவைப்பது வாங்குகிறவர் பொறுப்பு.