வாடும் பயிருக்குச் சாம்பல் சத்து

"மழையே இல்லை, பொட்டாஷ் போட்டு என்ன பயன்?" என்று மானாவாரி விவசாயிகள் பலர் கேட்பதுண்டு. பயிர் தன்னிடமுள்ள நீரைக் காப்பதே இச்சத்தைக் கொண்டுதான் என்பதை அறிந்தால் விடை கிடைக்கும்.

இலையில், குறிப்பாக அடிப்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். கரியமில வாயு உள்ளே வருவதும், நீர் ஆவியாக வெளியேறுவதும் இவற்றின் வழியேதான். ஒவ்வொரு துளையின் இரு பக்கமும் ஒரு காப்புச் செல் உண்டு. நிலக்கடலை, பருத்தி, பயறு வகைகளில் இவை அவரை விதை போல் வளைந்திருக்கும்.

இச்செல்லின் சவ்வில் வாய்க்கால் மதகு போன்ற நுண்ணிய வழிகள் உள்ளன. இவற்றை அயனிக் கால்வாய்கள் என்பர். காலையில் வெளிச்சம் பட்டதும் இவற்றின் வழியே பொட்டாசியம் உள்ளே செல்கிறது, நீரும் பின்தொடர்கிறது. செல் பருத்து வளைய, துளை திறக்கிறது. 1984-ம் ஆண்டு அவரை இனச் செடி ஒன்றின் காப்புச் செல்லில் இக்கால்வாய்களின் மின்னோட்டத்தை அளந்து விஞ்ஞானிகள் இதனை உறுதி செய்தனர்.

மண் காய்ந்தால் செடியில் அப்சிசிக் அமிலம் பெருகுகிறது. உடனே வெளியேற்றும் மதகுகள் திறக்கின்றன. குளோரைடு முதலியனவும் பொட்டாசியமும் வெளியேற, நீரும் உடன் செல்கிறது. செல் சுருங்கித் துளை மூடுகிறது, நீரிழப்பு குறைகிறது. சாம்பல் சத்துப் பற்றாக்குறையுள்ள பயிரில் துளைகள் சரிவர மூடாததால் பயிர் விரைவில் வாடுகிறது. அடியிலைகளின் ஓரம் மஞ்சளாகிக் கருகுவது இப்பற்றாக்குறையின் அறிகுறி.

எனவே மண் பரிசோதனைப்படி பொட்டாஷ் உரத்தை அடியுரமாக இட வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் பிரித்து இடுதல் நன்று. வறட்சி தொடங்கும்போதே 10 லிட்டர் நீருக்கு 100 கிராம் மியூரேட் ஆப் பொட்டாஷ் வீதம் கரைத்து, வடிகட்டி, மாலையில் இலைகள் நனையத் தெளிக்கலாம். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். புகையிலைக்கு மியூரேட் கூடாது; சல்பேட் ஆப் பொட்டாஷே ஏற்றது.

சாம்பல் சத்து மழைக்கு ஈடாகாது. கருகிய பயிரையும் மீட்காது. அடுத்த மழை வரும்வரை பயிர் தாக்குப்பிடிக்க அது துணை நிற்கும்.