தீயினால் வாழ்ந்த குருவி

வட அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மணற்பாங்கான நிலங்களில் ஜாக் பைன் என்னும் ஊசியிலை மரங்கள் அடர்ந்து வளர்கின்றன. கர்ட்லண்டு கதிர்க்குருவி பெரும்பாலும் அங்கேதான் இனம் பெருக்குகின்றது. குளிர்காலத்தைப் பகாமாத் தீவுகளில் கழித்து, இளவேனிலில் மீண்டு வந்து இனிது பாடும். அதன் எடை ஏறக்குறைய 14 கிராமே.

இக்குருவி மரக்கிளையில் கூடு கட்டுவதில்லை. தரையைத் தொடும் தாழ்கிளைகளின் மறைவில், புல்லினிடையே கூடமைத்து நான்கைந்து முட்டைகள் இடும். மரங்கள் ஏறத்தாழ 5 முதல் 20 ஆண்டு வயதினவாய் இருக்கும் வரையே அவ்விடம் அதற்கு ஏற்றதாகும். மரம் முதிர்ந்தால் கீழ்க்கிளைகள் பட்டுப்போகும், மறைவும் நீங்கும்.

முற்காலத்தில் காட்டுத்தீயே இக்குறையைத் தீர்த்து வந்தது. தீயின் வெப்பத்தால் பைன் காய்கள் விரிந்து விதை சிந்தும். எரிந்த நிலத்தில் இளங்காடு தோன்றும். காட்டைக் காக்க எண்ணிய மனிதர் தீயை அடக்கினர், இளங்காடு அருகியது. குயிலைப்போல் பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடும் பறவையொன்றும் இதன் கூடுகளைக் கெடுத்தது. 1974ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பாடும் ஆண்குருவிகள் 167 மட்டுமே காணப்பட்டன.

பின்னர் முதிர்ந்த மரங்களை வெட்டி இளங்கன்றுகளை நட்டனர். கூடு கெடுக்கும் பறவைகளையும் பிடித்து அகற்றினர். குருவியினம் பெருகியது. 2019ஆம் ஆண்டில் அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலினின்று அது நீக்கப்பட்டது. ஓருயிரைக் காக்க விழைவோர் முதற்கண் அதன் வாழ்க்கை இயல்பை அறிதல் வேண்டும்.