தவளையும் முயலும் காட்டும் சமுதாயம்

ஜப்பான் நாட்டுக் கியோத்தோ நகரை அடுத்த மலைப்பகுதியில் கோசன்ஜி என்னும் புத்தர் கோயில் உள்ளது. அக்கோயிலுக்கு உரியவை நான்கு நீண்ட தாள் சுருள்கள். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் வரையப்பெற்ற அவற்றைச் 'சோஜு கிகா' என்பர். விலங்கு, பறவைகளின் வேடிக்கைச் சித்திரம் என்று நாம் பொருள் கொள்ளலாம். தோபா சோஜோ என்னும் துறவி வரைந்தார் என்பது பழைய வழக்கு. பலர் கைபட்டவை என்பதே இன்றைய அறிஞர் கருத்து.

மாணவர்களே, முதற்சுருளை வலமிருந்து இடமாக விரித்துப் பார்ப்போம். (2021ஆம் ஆண்டு தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இதனைக் காண வந்தோரை நகரும் நடைபாதையில் நிற்கவைத்தே காட்டினர்!) வண்ணமில்லை; எழுத்துமில்லை; கரிய மைக்கோடுகளே உள்ளன. முயலும் குரங்கும் ஆற்றில் நீராடுகின்றன. அப்பால் முயல்களும் தவளைகளும் வில்வித்தையில் போட்டியிடுகின்றன. பின்னர் மற்போர் நிகழ்கிறது. தவளையொன்று முயலின் காதைக் கடித்து மடக்குகிறது; அடுத்து அதனைத் தூக்கியே எறிந்துவிடுகிறது. தோழத் தவளைகள் விழுந்து விழுந்து சிரிக்கின்றன.

வில்வித்தையும் மற்போரும் அக்காலத்து அரசவையில் ஆண்டுதோறும் நிகழ்ந்த விழாக்கள். எவர் எங்கு அமர்வது என்பதைப் பிறப்பும் பதவியும் வகுத்த காலம் அது. அத்தகைய விழாவில் சிறிய தவளை பெரிய முயலை வீழ்த்துவதை வெறும் விளையாட்டு என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

இறுதிக் காட்சி இன்னும் கூரியது. தாமரை இலைமேல் புத்தரைப்போல் தவளை வீற்றிருக்கிறது. எதிரே துறவியின் மேலாடை அணிந்த குரங்கு மந்திரம் ஓதுகிறது. வாயினின்று எழும் ஒலியையும் ஓவியர் கோடுகளாகக் காட்டியுள்ளார். சடங்கு முடிந்ததும் அக்குரங்குக் குருவுக்குக் காணிக்கைகள் வந்து சேர்கின்றன. கேலிக்கு உள்ளானவர் யார் என்பது வெளிப்படை. அச்சுருள்களைக் காத்து வந்ததும் ஒரு கோயிலே என்பது நமக்கு வியப்பளிக்கிறது.

பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் இவ்வழி மறையவில்லை. 1842இல், சிக்கனத்தையும் ஒழுக்கத்தையும் காக்கவெனக் கூறி, நாடக நடிகர்களின் உருவப்படங்களை அச்சிடுதலை அரசு தடை செய்தது. நடிகர்களோ மக்களின் அன்புக்குரியவர்கள்; அவர்தம் படங்கள் ஓவியர்களுக்குப் பிழைப்பு. உத்தாகாவா குனியோஷி (1798–1861) என்னும் ஓவியர் பூனைகளுக்கும் ஆமைகளுக்கும் நடிகர் முகங்களை அமைத்து வரைந்தார். நாடகம் பார்த்துப் பழகியவர்கள் புருவத்தையும் மூக்கையும் கொண்டே இன்ன நடிகர் என்று கண்டுகொள்வர். பூனை, ஆமைப் படங்களையோ அவ்வாணை தடுக்கவில்லை.